இரண்டாவது ரிசீவர்

"நான் அடிக்கலைன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"நீ அடிக்கலைன்னா வேற யார் அடிச்சா? லேப்டாப் உன்னுது, மெயில் உன்னுது, கீழே பேரும் உன்னுது. ஜன்னல் வழியா பூனை வந்து உக்காந்து அடிச்சுதா?"

"எனக்குத் தெரியலையே."

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம்னா பயமாம். வீட்டுல ஏணியில ஏறணும்னாகூட பொண்டாட்டியைத்தான் அனுப்புவானாம். அந்தக் கம்பெனிக்காரன் படிச்சுப் படிச்சுச் சிரிச்சிருப்பான். வேலையும் போச்சு, மானமும் போச்சு."

பொதுவாக எதிர்வீட்டில் சண்டை வந்தால் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவர்கள் மனசு விட்டுப் பேசும்போது இங்கே பெட்டி கத்திக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. அன்றைக்கு அணைத்தே விட்டேன்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் வரச் சொன்னீர்கள், வக்கீல் மேடம். "பக்கத்துல இருந்தவங்க நீங்கதான், தெரிஞ்சதைச் சொல்லுங்கம்மா, அவசரமே இல்லை" என்று தண்ணீர்கூட வைத்தீர்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். இருந்தாலும் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வீட்டில் இருந்தவர்கள் மறந்துபோனதும் எனக்கு ஞாபகம் இருக்கும். என் சுபாவம் அப்படி.

நான் ஆவணக் காப்பகத்தில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். கையைப் பார்க்காமல் அடிப்பேன். பக்கத்து மேசையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அடிப்பேன். ஓர் எழுத்து பிசகாது. யாருக்கு மாற்றல், யாருக்கு மெமோ என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும், ஏனென்றால் அடித்ததே நான்தான். ஓய்வு பெற்றபின் அடிக்க ஒன்றும் இல்லாமல் போனது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகன் ஒரு லேப்டாப் அனுப்பினான். அதன் கீபோர்டு பிஸ்கட் மாதிரித் தட்டை. அடித்தால் அடித்த திருப்தியே இருக்காது.

எதிர்வீட்டுப் பெண் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் திட்டுவதைப் படித்து, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அடிப்பாள். அதுவும் லேப்டாப்பை மேசையில் கிடத்தி, கோழி இரை பொறுக்குவது போலக் குனிந்துகொண்டு, இரண்டே விரலால். கழுத்து என்ன இரும்பா? போய்விட்டது. டாக்டர் பட்டை மாட்டி அனுப்பினார். அன்றிலிருந்து என் மனசுக்குள் அவள் பெயர் பட்டை. முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இந்த வயதில் என்னை அக்கா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

டாக்டர் அவளுக்கு மூன்று விஷயம் சொல்லியிருந்தார். லேப்டாப்பைக் கண் உயரத்துக்குத் தூக்கி வை. தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கீழே வைத்துக்கொள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள், எட்டி எட்டிப் பார்க்காதே. மூன்றும் தங்கமான யோசனைகள். இந்த விவகாரத்தில் யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த டாக்டரைத்தான் விசாரிக்க வேண்டும் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கடைக்குப் போனோம். ஒயர் இல்லாத செட், இருவருக்கும் ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. பெட்டிக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருக்கும். அதற்கு ரிசீவர் என்று பெயர். அதை லேப்டாப்பில் செருகிவிட்டால் கீபோர்டில் அடிப்பது திரையில் விழும். என் வீட்டு மேசையில் வைத்து இரண்டு பெட்டியையும் பிரித்தோம். பேச்சு சுவாரசியத்தில் ரிசீவர்கள் மாறிவிட்டன. அது நிஜமாகவே தற்செயல். எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் வந்து நின்றாள். "அக்கா, நான் அடிச்சா ஒண்ணும் விழ மாட்டேங்குது." நான் என்னிடம் இருந்த ரிசீவரை எடுத்துப் போய்ச் செருகினேன். உடனே வேலை செய்தது. ஏற்கெனவே செருகியிருந்த என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் போனேன். அவள் காபி கொடுத்தாள். காபி குடித்ததில் மறந்துவிட்டேன்.

"ஏன்க்கா இது ரெண்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கீபோர்டுக்கு, ஒண்ணு மவுஸுக்கு" என்றேன்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே காற்றுக்காக விட்ட சந்து எட்டடி அகலம்தான். முன்பு அவள் லேப்டாப் தாழ்வாக இருந்தபோது ஜன்னல் கட்டை மறைக்கும். இப்போது நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏறி நின்றதும் திரை முழுசாக என் சமையலறைக்கு எதிரே வந்துவிட்டது. எழுத்தும் பெரிது. எனக்கோ கண்புரை எடுத்த பிறகு தூரப் பார்வை பிரமாதம். பார்க்கக் கூடாது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பாத்திரம் தேய்த்திருக்க வேண்டும்.

மறுநாள் சமையலறையில் தம்பி மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் திரையில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தால், அவள் திரையில் கோணல்மாணலாக எழுத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பிறகு அழித்தாள். அப்போதே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது.

கோணல்மாணலாக விழுந்ததற்குக் காரணம், அவள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துகள் வேறு வரிசையில் இருந்தன. நான் பழகியது பழைய டைப்ரைட்டர் வரிசை. அந்தப் புது வரிசையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கத்தை ஒரு பெண்ணுக்காக மாற்றிக்கொள்வது சாதாரண விஷயமா? பெற்ற தாய்கூடச் செய்ய மாட்டாள்.

முதலில் பிழைகளைத்தான் திருத்தினேன். இரண்டு விரலால் அடிப்பவர்களுக்கு ஒற்று விழாது. அவள் தண்ணீர் குடிக்கப் போவாள். திரும்பி வருவதற்குள் நாலு இடத்தில் சரிசெய்து வைத்திருப்பேன். அவள் கவனித்ததே இல்லை. நன்றியும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு தொனியைத் திருத்தினேன். அவள் எல்லாருக்கும் வருந்திக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஒருவர் எழுதியிருந்தார், உங்கள் இயந்திரத்தில் போட்டதால் என் பட்டுச் சட்டை சுருங்கிவிட்டது, இரண்டு பொத்தான்கள் பூட்டவே இல்லை என்று. பட்டை வழக்கம்போல வருந்திவிட்டு, தொலைபேசி அடித்ததும் எழுந்து போனாள். அவள் எழுதியதை அழித்துவிட்டு நான் எழுதினேன்: "ஐயா, தங்கள் சட்டை சுருங்கவில்லை. தாங்கள் பெருத்துவிட்டீர்கள். இயந்திரத்தின் மீது பழி போடுமுன் ஒருமுறை கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்க்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம்." மவுஸை நகர்த்தி அனுப்பிவிட்டேன். இதில் ஒரு பொய் உண்டா, சொல்லுங்கள். அந்த மனிதர் வழக்குப் போட்டார். அதனால்தான் இன்று நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். நீதிமன்றத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். நான் எழுதியது சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கம்பெனியிலிருந்து அவளுக்கு எச்சரிக்கை வந்தது. அவள் அழுதாள். நான் சந்து வழியாக ஆறுதல் சொன்னேன். "அசதியில நம்மளையும் அறியாம கை போயிடும்மா. நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு."

அந்தச் சமயத்தில்தான் வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனைக் கூப்பிட்டது. இருபது மாடிக் கட்டடங்களாம், மேற்பார்வை வேலையாம், கம்பெனியே வீடும் தருமாம். லிஃப்ட்காரன் அபூர்வமாகத்தான் வாயைத் திறப்பான், அன்று சிரித்தான். அவளும் சிரித்தாள். "அங்க கடல் பக்கமாங்க? ஜன்னலைத் திறந்தா காத்து வருமா?" என்று பத்து தடவை கேட்டாள். இங்கே என் ஜன்னல் வழியாக வருவது காற்று இல்லையா என்ன.

நான் சுயநலமாக யோசிக்கவில்லை. அவளுக்காகத்தான் யோசித்தேன். கழுத்து சரியில்லாதவள், முன்பின் தெரியாத ஊர், திரும்பினால் முகம் தெரிந்த மனுஷி கிடையாது. அவர்கள் போனபிறகு அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்றும் ஒரு கவலை. ஜன்னலுக்குத் திரை போடுகிற ஆட்களாகக்கூட இருக்கலாம்.

லிஃப்ட்காரனுக்கு மெயில் கியில் எல்லாம் தெரியாது. அவள்தான் அவனுக்காக எழுதுவாள். சம்மதம் தெரிவித்து அழகாக நாலு வரி அடித்துவிட்டு, அவனிடம் காட்டிச் சரிபார்க்க அவனை அழைத்துவரப் போனாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆறு நிமிஷம் கிடைத்தது. என்ன எழுதினேன் என்பது உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. உயரம், ஏணி, இருட்டில் தனியாக நிற்கச் சொன்னால் பாட்டுப் பாடுவார் என்பது வரை. கீழே அவள் பெயரைப் போட்டு, "மனைவி என்ற முறையில் மறைக்க விரும்பவில்லை" என்று முடித்தேன். அனுப்பியபின் அவளுடைய பழைய நாலு வரியை அப்படியே திரும்ப அடித்து வைத்தேன். அவர்கள் வந்து படித்து, சந்தோஷமாக அதையும் அனுப்பினார்கள். கம்பெனிக்காரனுக்கு எதை நம்புவது என்று தெரிந்திருக்கிறது.

பதில் வந்த அன்று நடந்ததுதான் முதலில் சொன்ன சண்டை.

அவள் அவ்வளவு மந்தம் இல்லை, மேடம். அதையும் சொல்லத்தான் வேண்டும். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனாள். ரிசீவர் இரண்டையும் கழற்றி மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள், தொலைந்துவிடுமே என்று. கடைக்காரன் ஒரு நாள் முழுக்கக் குடைந்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று கொடுத்தான். வீட்டுக்கு வந்து இரண்டையும் தன் கையாலேயே செருகினாள். கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷனைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். பட்டையோடு சேர்த்துப் பார்க்க, போலீசிடம் சிக்கிய திருடன் மாதிரி இருந்தது.

"பாருங்க. நான் தொடலை. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருங்க. அதுவா நகரும், அதுவா எழுதும்."

"சரி, பாக்கறேன்."

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். என் கீபோர்டு என் மடியில்தான் இருந்தது. ஓர் எழுத்து அடித்திருந்தால் போதும், அவள் பிழைத்திருப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம். சும்மா இருப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

"கை வலிக்கலையா?" என்றான் அவன் கடைசியில். கோபமாகக்கூட இல்லை.

"இன்னும் கொஞ்சம்ங்க. ப்ளீஸ்ங்க."

"நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவன் உள்ளே போனான். நான் அடித்தேன். ஒரே ஒரு சொல். "பாவம்" என்று. அவள் போட்ட கூச்சலில் மாடியில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் சொம்பும் கையுமாக ஓடிவந்து திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் கை அப்போது கீபோர்டின் மேல் இருந்தது. பதறிப்போய் ஊன்றியிருக்கிறாள். அவன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். "எனக்கு எதுவும் காட்ட வேண்டாம்மா. நீ நல்லா இருந்தா போதும்" என்றான். நல்லவன்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனதே நான்தான். இந்த முறை கழுத்து டாக்டர் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. நான் எப்பவாவது வித்தியாசமா நடந்துக்கறேனா? எனக்கே தெரியாம?"

நான் நன்றாக யோசித்துவிட்டு, "அப்பப்போம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். புருஷனிடமும், நான்தான் அடித்திருப்பேன் போலிருக்கிறது, எனக்கு நினைவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கும் சாப்பிடுகிறாளாம். தூக்கம் நன்றாக வருகிறதாம். அந்த வேலையில் இருந்தவரை அவளுக்குச் சரியான தூக்கமே கிடையாது. யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு இல்லை, மேடம். அவளுக்கு மனசு சரியில்லாமல் இருந்ததா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நீங்கள் அந்தத் தாளை என் முன்னால் நகர்த்தினீர்கள். நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் வரிசையாக அச்சாகி இருந்தன. கடைசியில் அவள் கையெழுத்து. "மேற்கண்ட அனைத்தையும், உடல்நலம் குன்றியிருந்த காலத்தில், நானே எழுதினேன்."

நானே எழுதினேனாம்.

அந்தக் கடிதங்களைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒற்று ஒன்று விட்டுப்போயிருக்கிறதா? ஒரு வாக்கியம் தடுக்குகிறதா? "கண்ணாடி முன் பக்கவாட்டில்" என்று எழுத அவளுக்கு வருமா? இரண்டு விரலால் அடிக்கிற பெண் அவள். ஏழு வருஷம் வருந்துகிறோம் என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியவள் இல்லை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் கையெழுத்துக்குத்தான் நான் அடித்தேன். ஒரு தாளிலும் என் பெயர் வந்ததில்லை. இதிலாவது வரட்டும். எல்லாம் நான் அடித்தது. சட்டைக்காரருக்கு எழுதியது, லிஃப்ட் கம்பெனிக்கு எழுதியது, அந்த "பாவம்", எல்லாம். கீபோர்டும் மவுஸும் என் வீட்டு அலமாரியில் உறை போட்டு வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் எடுத்துக் கொடுக்கிறேன். பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன், கசிந்துவிடும் என்று.

அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்கள். லிஃப்ட்காரன் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு தனியாகவே வேறோர் ஊருக்கு வேலைக்குப் போனான். போன வருஷம் சட்டப்படி பிரிந்தார்கள். அவன் ஒரு தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பெண் குழந்தை உண்டாம், அவனை அப்பா என்றே கூப்பிடுகிறதாம். பட்டையை அவளுடைய கூடப்பிறந்த அக்கா வந்து அழைத்துப் போனாள். அங்கே ஒரு செடிப் பண்ணையில் நாற்று பிரித்துத் தொட்டியில் வைக்கும் வேலை. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் கால் வைக்க மாட்டாளாம். மாடி வீட்டுக்காரர்கள் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்கு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். நாலே மாதத்தில், காரணம் சொல்லாமல், அவர்களும் காலி செய்துவிட்டார்கள்.

போனவர்களில் ஒருத்தர்கூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. பரவாயில்லை. நான் உண்டு, என் வேலை உண்டு என்று இருக்கிறவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.